முதுகில் எழுதிய வாக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

நாட்டின் முன்னேற்றம், தாய்மொழியின் வளம், மாணவர் கடமை என்று பெரிய பெரிய பொருள்களைப் பற்றி நண்பர்கள் எழுதும் இம்மலரில், நான் ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். அதுவும் தண்ணீர் புகுந்து நின்றுபோன கடிகாரம். ‘இதற்கா ஆண்டு மலரில் இடம்?’ என்று சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும், ஆனால் முழுவதையும் படித்துவிட்டு நகைக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். எழுதியிருப்பதை நம்புவதா, பெற்ற தகப்பனின் சொல்லை நம்புவதா என்ற கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை எழுதிவிட்டேன். அந்த விடையைத் திருத்திய கதைதான் இது.

அப்பாவின் முறைத் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் நானே முதலாமவன். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம். கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொதுவானது. முறை வைத்துத்தான் இறைக்க வேண்டும். பகலும் இரவும் மாறி மாறி வரும் அந்த முறையில் எங்கள் பங்கு நான்கு மணி நேரம். பத்து நிமிடம் கூடினால் அடுத்த வயல்காரர் பேசுவார். பத்து நிமிடம் குறைந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டாது. மடை திருப்பும்போது செல்பேசியை இடுப்பில் வைத்துக்கொள்ள அப்பா அஞ்சுவார். அது வேப்ப மரத்தடியில், துண்டில் சுற்றிக் கிடக்கும். ஆகவே வயலில் நின்று மணி பார்க்க அவருக்கு ஒரு கைக்கடிகாரம் தேவைப்பட்டது.

முதலாம் ஆண்டில், சனி ஞாயிறுகளில் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணத்தில், பொங்கலுக்கு அதை வாங்கிக் கொடுத்தேன். விலை 1,450 ரூபாய். அதன் முதுகிலே ஆங்கிலத்தில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 எம்’ என்று பொறித்திருந்தது. அதைப் படித்துப் பொருள் சொன்னவனும் நானே. “முப்பது மீட்டர் ஆழத்துல போட்டாலும் தண்ணி போகாதுப்பா. நம்ம கிணறே அவ்வளவு ஆழம் கிடையாது. இனிமே கழட்டவே வேண்டாம்” என்றேன். படித்த மகன் சொல்லிவிட்டான், அவரும் கழற்றவில்லை.

சித்திரை மாதம் கண்ணாடிக்குள் பனி படர்ந்தாற்போல் மங்கல் கண்டது. அடுத்த முறையில், இரவு ஒன்று இருபதுக்கு முள் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அப்பா, இன்னும் நேரம் இருக்கிறதென்று எண்ணி மோட்டாரை ஓடவிட்டார். முறை முடிந்து நாற்பது நிமிடம் ஆன பிறகு சித்தப்பா வரப்பில் வந்து நின்றார். பேச்சு முற்றிற்று. ‘தண்ணித் திருடன்’ என்ற சொல்லும் விழுந்தது. அன்று முதல் இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

கடிகாரத்தை வாங்கிய கடைக்கு அப்பாவும் நானும் போனோம். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். “நீச்சல் அடிச்சிருப்பீங்க, பெரியவரே. இல்லேன்னா சாவியை இழுத்துவிட்டுத் தண்ணியில கைய வச்சிருப்பீங்க. இது முப்பது மீட்டர் வாட்ச். சும்மா தண்ணி போகாது. இதுக்கு கேரண்டி கிடையாது” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். “நான் எங்க கண்ணு நீஞ்சுனேன்? மடை திருப்புனேன், கையக் கழுவுனேன். அவ்வளவுதான்” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெளியே வந்ததும், “முப்பது மீட்டர்னு எழுதியிருக்குப்பா. ஒரு சாண் தண்ணியில எப்படிப் போகும்? உண்மையச் சொல்லுங்க” என்றேன். அவர் பேருந்து வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

முப்பது மீட்டர் என்பது என்ன?

அந்த எழுத்துக்கு நான் சொன்ன பொருள் சரிதானா? இப்போது பார்ப்போம்.

பத்து மீட்டர் ஆழ நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும் என்பது நாம் பள்ளியில் படித்ததே. முப்பது மீட்டர் என்றால் மூன்று மடங்கு. கடிகாரக்காரர்கள் 3 பார் என்பார்கள். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 3 பார் அழுத்தம் விழுந்தால் 21 கிலோ எடையை வைத்ததற்குச் சமம். ஒரு சிப்பம் அரிசிக்குச் சற்றே குறைவு! இவ்வளவையும் தாங்க வேண்டியவை பின்மூடிக்கு அடியிலும், கண்ணாடியைச் சுற்றியும், சாவித் தண்டிலும் இருக்கும் மூன்று ரப்பர் வளையங்களே.

‘30 எம்’ என்பது அசையாத நீரில், புதிய கடிகாரத்துக்கு, குறுகிய நேரம் செய்யும் அழுத்தச் சோதனையின் அளவு. அணிந்துகொண்டு போகக்கூடிய ஆழம் அன்று. 30 மீட்டர் என்று குறித்த கடிகாரம் கைகழுவவும் மழைத் தூறலுக்கும் மட்டுமே ஏற்றது என்று தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் கையேட்டில் சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். பெரிய எழுத்து முதுகிலே. சிறிய எழுத்து கையேட்டிலே. கையேடோ ஆங்கிலத்திலே!

இதற்கென உலகத் தரங்கள் உண்டு. பொதுவான கடிகாரங்களுக்கு 2010-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 22810; ஆழ்நீரில் மூழ்குவோரின் கடிகாரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 6425. இரண்டாவதன்படி ஒவ்வொரு கடிகாரத்தையும், குறித்த அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். பொதுவான கடிகாரங்களுக்கோ, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். என் அப்பாவின் கைக்கு வந்தது சோதித்ததா, சோதிக்காததா? முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூருவில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அக்கடிகாரங்களைக் கட்டிய எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தண்ணீரில் கை வைக்குமுன் அவற்றைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்களாம். அக்கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. நிறுவனம் போனதோடு கழற்றி மாட்டும் பழக்கமும் போயிற்று. பழக்கம் இருந்த இடத்தில் முதுகெழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த முதுகெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1926-இல் ரோலெக்ஸ் நிறுவனம் ‘ஆயிஸ்டர்’, அதாவது சிப்பி, என்ற பெயரில் திருகி மூடும் கடிகாரக் கூட்டைக் கொண்டு வந்தது. 1927 அக்டோபர் 7-இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இலண்டன் தட்டச்சுப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஆனால் அதே நாள்களில் வேறொருவர் பொய்யாகத் தாமும் நீந்தியதாகச் சொல்லி அது வெளிப்பட்டுவிட்டதால், கிளைட்ஸின் சொல்லையும் ஊர் ஐயுற்றது. தம் சொல்லை மெய்ப்பிக்க அக்டோபர் 21-இல் மீண்டும் நீரில் இறங்கினார். இம்முறை அவர் கழுத்தில் ஒரு ஆயிஸ்டர் தொங்கியது. பத்து மணி நேரத்துக்கு மேல் குளிரோடு போராடினார். கரை சேர முடியவில்லை. கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24-இல் டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் அக்கடிகாரத்தின் விளம்பரம்!

இதைப் படித்தபோது கடிகாரத்தைவிட அந்தப் பெண்ணையே நான் அதிகம் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னவர் அதை மெய்ப்பிக்க மறுபடியும் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. என் அப்பாவுக்கு அப்படி மெய்ப்பிக்கவும் வழி இல்லை.

கடிகாரம் மூச்சு விடுகிறது

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில், வெப்பவியல் வகுப்பில், எங்கள் பேராசிரியர் ஒரு வெறுங்குடுவையைச் சூடாக்கி நீர்த்தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்தார். குடுவை ஆற ஆறத் தண்ணீர் அதன் கழுத்தில் ஏறிற்று. முதலாம் ஆண்டிலேயே தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த விதிதான். ஆயினும் அந்தத் தண்ணீர் ஏறுவதைக் கண்டபோதுதான் எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்திரை வெயிலில் இரும்புக் கூடு 45 பாகை செல்சியசு வரை காய்கிறது என்று கொள்வோம். கிணற்று நீர் 27 பாகை. தனி வெப்பநிலையில் 318-இலிருந்து 300-க்கு இறங்குகிறது. மாறாக் கன அளவில் வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் அல்லவா? ஆகவே உள்ளே அழுத்தம் சுமார் 5.7 விழுக்காடு குறைகிறது. அதை நீர்மட்டத்தில் சொன்னால் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். ஒரு சாண் ஆழ வாய்க்காலில் கையை வைத்தாலும், உள்ளிருந்து கடிகாரமே தண்ணீரை அவ்வளவு விசையோடு உறிஞ்சுகிறது! வளையத்தில் ஓட்டை இருந்தால், வெயிலில் காற்றை வெளிவிட்டு, மடையில் நீரை உள்ளிழுக்கும். ஒரு நாளில் எத்தனை மடை! ஒவ்வொரு மடைக்கும் ஒரு மிடறு.

நீச்சல் அடித்தால்தான் நீர் புகும் என்ற கடைக்காரரின் வாதத்தையும் பார்ப்போம். நீரில் கையை வீசும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்றாலும் அதனால் கூடும் அழுத்தம் ஒன்றேகால் மீட்டர் நீருக்குச் சமம். ஐந்து மீட்டர் உயரக் கிணற்று மேட்டிலிருந்து குதித்தால், பெர்னூலி கணக்கின்படி, அதே ஐந்து மீட்டர் நீரின் அழுத்தம். மோதும் கணத்தில் அதைவிடக் கூடலாம். நல்ல வளையம் உள்ள கடிகாரத்தை நீச்சல் மட்டும் கொன்றுவிடாது. கெட்ட வளையம் உள்ள கடிகாரத்துக்கு நீச்சலே தேவையில்லை. வெயிலும் வாய்க்காலும் போதும்.

அப்பா பொய் சொல்லவில்லை. நான்தான் படித்த பாடத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வீட்டிலே செய்யும் சோதனை

ஆயுத பூசை விடுமுறையில் ஆய்வக வெப்பமானி ஒன்றை அனுமதியோடு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அங்கே நான் செய்தவற்றையும், பின்னர் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் எதிரே மரப்பெட்டிக் கடை வைத்திருக்கும் கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் கற்றவற்றையும் இங்கே முறையாகச் சொல்கிறேன். இவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

முதலாவது, கண்ணால் பார்ப்பது. சாவி கூட்டோடு ஒட்டி அமுங்கியிருக்கிறதா? கண்ணாடி விளிம்பில் விரிசல் உண்டா? பின்மூடி ஓரத்தில் கத்தி நெம்பிய தழும்பு உண்டா? மின்கலம் மாற்றும்போது ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டையாகி, இறுகி, வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். புதிய வளையத்துக்கு மிக மெல்லிய சிலிக்கான் கிரீஸ் போதும். மூடியைச் சுற்றி நகப்பூச்சுத் தடவி அடைப்போர் உண்டு. அது ஓட்டையை அடைப்பதைவிட நம் கண்ணைத்தான் அடைக்கிறது.

இரண்டாவது, பனித்துளிச் சோதனை. உள்ளே ஏற்கெனவே ஈரம் இருக்கிறதா என்று இது சொல்லும். உலகத் தரத்திலேயே உள்ள முறைதான். வெந்நீர் உள்ள பாத்திரத்தின்மேல் ஓர் எவர்சில்வர் தட்டை மூடி, அதன்மேல் கடிகாரத்தை வைத்து, 40-இலிருந்து 45 பாகை வரை சூடேற விடவேண்டும். பிறகு கண்ணாடியின்மேல் ஒரு சொட்டுச் சாதாரணத் தண்ணீர். ஒரு நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தால், உள்ளே ஈரம் இருக்குமாயின் சொட்டு நின்ற இடத்துக்கு நேர் கீழே, கண்ணாடியின் உட்புறத்தில், பனி படர்ந்திருக்கும். துடைத்தும் போகாத பனி!

மூன்றாவது, வெந்நீர்க் குமிழிச் சோதனை. வாய்க்கால் செய்த வேலையையே தலைகீழாக்குவது இது. தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்து, கரைந்த காற்றைப் போக்கி, 45 பாகைக்கு ஆறவிட வேண்டும். தோல் வாராயின் கழற்றிவிட வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் கடிகாரத்தை மெல்ல உள்ளே இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சூடேறி ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான அழுத்தத்தோடு வெளியே தள்ளும். கூட்டின் மேலே அங்கங்கே ஒட்டி நிற்கும் குமிழிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரே இடத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சரம்போல் எழுந்தால் அங்கே ஓட்டை உண்டு. உள்ளே ஒரு கன சென்டிமீட்டர் காற்று இருந்தால், வெளிவரக்கூடியது 2 மில்லிமீட்டர்க் குமிழியாக ஒரு டசன்தான். ஆகவே கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.

மிக முக்கியமானது: கடிகாரம் நீருக்குள் இருக்கும்போது நீர் ஆறக்கூடாது. ஆறினால் காற்று போன வழியே தண்ணீர் உள்ளே வரும். ஓரிரு நிமிடத்தில், நீர் சூடாக இருக்கும்போதே எடுத்துத் துடைத்துவிட வேண்டும். சாவியைத் தொடவே கூடாது.

அன்று மாலை அம்மாவின் பாத்திரத்தில் அப்பாவின் கடிகாரத்தை இறக்கினேன். இயந்திரம் துருப்பிடித்துச் செத்துவிட்டதால் இனி இழக்க ஒன்றுமில்லை. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் குந்தினார். சாவி நன்றாக அமுங்கியே இருந்தது. அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சாவியின் அடியிலிருந்து ஒரு குமிழி, அடுத்து இன்னொன்று, பிறகு சரமாக. நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே சொன்னார்: “நான் நீஞ்சலேன்னு தண்ணியே சொல்லிருச்சு.”

நண்பர்களே, எத்தனையோ ஆய்வுகளை நான் ஏட்டில் எழுதி ஒப்பம் பெற்றிருக்கிறேன். என் வாழ்வில் ஓர் ஆய்வு முடிவு ஒருவருக்குத் தேவைப்பட்டது அன்றுதான்.

காற்றழுத்தச் சோதனை

வெந்நீர்ச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைப்பது அறிவியலாகாது. நீரின் பரப்பு இழுவிசையை வென்றுதான் குமிழி வெளிவர வேண்டும். 50 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில், ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த துளையிலிருந்து குமிழி வராது. ஆனால் அத்தகைய துளை வழியே நுண்புழை ஏற்றத்தால் நீர் மெல்லக் கசியலாம். சோப்பு நீராயின் பரப்பு இழுவிசை குறைவதால் இன்னும் எளிதாக நுழையும். ஆகவே குமிழி வந்தால் ஓட்டை உறுதி. வராவிட்டால் ஓட்டை இல்லை என்பது உறுதியன்று.

அதற்குத்தான் அழுத்தச் சோதனை. மேற்சொன்ன பெரியவரின் கடையில் ஒரு கருவி இருக்கிறது: தடித்த அக்ரிலிக் உருளை, பாதியளவு தண்ணீர், ஒரு கைப்பம்பு, ஓர் அழுத்தமானி. கடிகாரத்தை நேரே தண்ணீரில் போட்டு அழுத்துவார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் ஓட்டைக் கடிகாரம் சோதனையிலேயே மடிந்துபோகும். சோதிக்கப்படும் பொருளையே அழித்துவிடும் சோதனையால் யாருக்குப் பயன்?

அவர் செய்ததோ வேறு. கடிகாரத்தை நீருக்கு மேலே, காற்றிலே தொங்கவிட்டார். பம்பை அடித்து 3 பார் வரை ஏற்றிச் சில நிமிடம் காத்திருந்தார். ஓட்டை இருந்தால் அழுத்தக் காற்று கூட்டுக்குள் புகுந்திருக்கும். பிறகு அழுத்தம் குறையாமலே கம்பியைத் தள்ளிக் கடிகாரத்தை நீரில் இறக்கினார். அதன்பின் காற்றை மெல்ல, மிக மெல்ல வெளியே விட்டார். வெளியழுத்தம் குறையக் குறைய, உள்ளே புகுந்த காற்று நீரின் வழியே குமிழியாக வெளிவரும். குமிழியைக் கண்டதும், அழுத்தம் முற்றும் இறங்குமுன், கடிகாரத்தை மேலே தூக்கிவிட வேண்டும். நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் காற்று உள்ளிருந்து வெளியே வருகிறதே அன்றி, நீர் உள்ளே போவதில்லை. எவ்வளவு அழகிய சிந்தனை! இவ்வழுத்தத்தில் வெந்நீர்ச் சோதனையைவிட ஏறத்தாழ அறுபது மடங்கு நுண்ணிய துளையும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை வீட்டிலே செய்யலாமா? தகுந்த கருவி இருந்தால் செய்யலாம். ஊறுகாய்ச் சாடியில் சைக்கிள் பம்பை இணைத்துச் செய்ய வேண்டாம் என்று இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நானும் அவ்வாறே எண்ணியவன்தான். நம் ஆய்வக உதவியாளர் தடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை 3 பார் அழுத்தம் சுமார் 240 கிலோ எடையின் விசையோடு தள்ளும். கண்ணாடிச் சாடி வெடித்தால் கண் போகும். பிரஷர் குக்கரில் போடலாமா என்று கேட்ட விடுதி நண்பர் ஒருவரும் உண்டு. நீராவியின் வெப்பம் 120 பாகையை எட்டும். சோறு வேகும், கடிகாரமும் வேகும்.

சில மறுப்புகள்

‘கையில் செல்பேசி இருக்கும் காலத்தில் கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு கவலை?’ என்று கேட்பார்கள். செல்பேசிக்கும் இதே கதைதான். ‘ஐ.பி. 67’ என்றால் ஒரு மீட்டர் நீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்று பொருள். அதை நம்பி நனைத்துப் பழுதானால், நீரால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கும் நிறுவனங்கள் பல. எழுத்து ஒரு பக்கம். பொறுப்பு வேறு பக்கம்.

‘விலை உயர்ந்ததாக வாங்கியிருக்கலாமே’ என்பது அடுத்தது. விலை உயர்ந்த கடிகாரத்தின் வளையமும் ரப்பரே, அதுவும் மூப்படையும். அன்றியும், நீரோடு நாளெல்லாம் உழைப்பவர் யார்? உழவர், சலவைத் தொழிலாளி, மீனவர், உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் அக்காமார். ‘நீர் தாங்கும்’ என்ற சொல்லின் முழுப் பயனும் தேவைப்படுவது அவர்களுக்கு. அவர்கள் வாங்கக்கூடிய விலையில் அச்சொல் வெறும் அலங்காரமாக இருக்கலாமா?

‘சட்டம் இருக்கிறதே’ என்று சொல்வோரும் உண்டு. ஆம், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் 1,450 ரூபாய்க்காக வயலை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைவது? அலைந்தாலும், ‘நீந்தினாய்’ என்பவருக்கு ‘நீந்தவில்லை’ என்பதை எதைக் காட்டி மெய்ப்பிப்பது? முதலில் தேவை சான்று. சான்றைத் தருவது சோதனை.

நான் வேண்டுவது

கடைக்காரர்கள் விற்கும்போதே, வாங்குபவர் கண்ணெதிரே, கடிகாரத்தை அழுத்தக் கருவியில் சோதித்துக் கொடுக்கட்டும். துணிக்கடையில் முழம் போட்டுக் காட்டுகிறார்கள். பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்துக் காட்டுகிறார். கடிகாரத்துக்கு மட்டும் ஏன் வாய்ச்சொல்? உத்தரவாத அட்டையில் ‘கைகழுவலாம்; நீந்தக் கூடாது; வெயிலில் காய்ந்ததை உடனே நனைக்கக் கூடாது’ என்று தமிழிலே மூன்று வரி அச்சிடட்டும்.

இனி நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல் துறை அத்தகைய அழுத்தக் கருவி ஒன்றை வாங்கி வைக்க வேண்டும். வாயு விதி, நீரழுத்தம், பரப்பு இழுவிசை ஆகிய மூன்று பாடங்களையும் ஒரே கருவியில் கற்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள், சந்தை கூடும் நாளில், துறையின் கதவை ஊருக்குத் திறந்துவிடுவோம். வருவோரின் கடிகாரங்களை நாம் சோதித்து, முடிவை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுப்போம். இக்கல்லூரியின் மதிலுக்கு வெளியே நின்று, ‘உள்ளே என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?’ என்று எண்ணும் தந்தையர் எத்தனையோ பேர். அவர்கள் ஒரு நாளாவது உள்ளே வந்து பார்க்கட்டும்.

என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தோழர்களுக்கும் ஒரு சொல். ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைப் படித்துச் சொல்லும் வேலையை வீட்டார் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மருந்துச் சீட்டானாலும், வங்கித் தாளானாலும், கடிகாரத்தின் முதுகானாலும், நாம் படித்துச் சொல்வதே அவர்களுக்கு வேதம். ஆகவே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது மெய்யா என்று உரசிப் பார்த்த பிறகே சொல்லுங்கள். எழுத்துக்கும் அப்பாவின் சொல்லுக்கும் முரண்பாடு வந்தால், முதலில் எழுத்தைச் சோதியுங்கள்.

அப்பாவின் கடிகாரத்தைப் பெரியவர் திறந்து பார்த்தார். சாவித் தண்டின் வளையம் ஒரு பக்கம் மடிந்து நசுங்கி இருந்தது; பொருத்தும்போதே நேர்ந்த பிழை என்றார். புதிய இயந்திரமும் சாவியும் போட 350 ரூபாய் ஆயிற்று. மறுபடியும் பந்தி பரிமாறிக் கொடுத்தேன். 3 பார் அழுத்தத்தில் ஒரு குமிழியும் எழவில்லை. ஆனாலும் அப்பா இப்போது மடை திருப்புமுன் அதைக் கழற்றி வேப்ப மரத்துக் கிளையில் மாட்டிவிடுகிறார். நான் தடுப்பதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பழைய சாவியையும் நசுங்கிய வளையத்தையும் ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இதையும் அந்த வெந்நியில போட்டுப் பாரு, தம்பி” என்றார்.